ஒன்றரை கீபோர்டுக்காரர்

இவரை அலுவலகத்தில் கண்டுபிடிப்பது சுலபம். எல்லார் மேஜையிலும் ஒரு கீபோர்டு இருக்கும். இவர் மேஜையில் இரண்டு பாதிகள். நடுவே ஒரு சாண் இடைவெளி, அதில் டீ டம்ளர். "கையைத் தோள் அகலத்துக்கு வெச்சு அடிக்கணும் சார். நாமெல்லாம் இத்தனை வருஷமா தோளைக் குறுக்கிக்கிட்டே அடிச்சிட்டிருக்கோம்" என்பார். கேட்டவர் தன்னையறியாமல் நிமிர்ந்து உட்காருவார். வினை அங்கேதான் ஆரம்பம்.

இவருக்கு மணிக்கட்டு வலித்தது நிஜம். நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்திப் பார்த்திருக்கலாம்தான். ஆனால் நாற்காலியை உயர்த்துவதில் ராத்திரி கண்விழித்து ஆராய என்ன இருக்கிறது? ஆகவே கீபோர்டை ஆராய்ந்தார். வெளிநாட்டில் ஆயத்தமாக விற்கும் நல்ல பிளவு கீபோர்டு முந்நூறு டாலருக்கு மேல், கஸ்டம்ஸ் தனி. "இந்தக் காசுக்கு ஒரு கீபோர்டா? பட்ஜெட்ல முடிச்சுக் காட்டறேன் பார்" என்று வீட்டில் சபதம் போட்டார். இந்த இனத்தாரை அடையாளம் காட்டுவது கீபோர்டு அல்ல, இந்தச் சபதம்தான்.

முதல் கட்டத்துக்குக் காலணா செலவில்லை. விண்டோஸ் கணினியில் இரண்டு சாதாரண கீபோர்டுகளைச் செருகினால் இரண்டும் சேர்ந்து ஒன்றாகவே வேலை செய்யும். ஒன்றில் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு மற்றதில் எழுத்தைத் தட்டினால் பெரிய எழுத்து வரும். (மேக்கில் இது நடக்காது, தனி மென்பொருள் வேண்டும்.) இடதுகைக்கு ஒன்று, வலதுகைக்கு ஒன்று என்று சாய்த்துப் போட்டுக்கொண்டால் கை விரிந்து அடிப்பது ஒத்துவருமா என்று தெரிந்துவிடும். நியாயமாகப் பார்த்தால் சோதனை இதோடு முடிந்தது. இவர் ஒரு சாயங்காலம் அடித்துப் பார்த்துவிட்டு, "ஃபீல் வரலை" என்று சொல்லிவிட்டார்.

அடுத்தது கார்னே. ஜப்பானியர் ஒருவர் வடிவமைத்து, வரைபடத்தை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட 42 விசைக் கீபோர்டு. இலவசம் என்ற சொல் இவரை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதன் சர்க்யூட் பலகையைச் சீனாவில் அச்சடித்து வாங்கலாம், விலையும் சொற்பம். ஆனால் குறைந்தது ஐந்து எடுக்க வேண்டும். ஒரே பலகையைத் திருப்பிப் போட்டால் அது மறு கைக்கும் ஆகும் என்பதால் ஒரு கீபோர்டுக்கு இரண்டு போதும். மீதி மூன்று, அதாவது ஒன்றரை கீபோர்டு. "இன்னொரு அஞ்சு வாங்கிட்டா எட்டாயிடும், நாலு கீபோர்டு, கணக்கு நேராயிடும்" என்று இப்போது அடிக்கடி சொல்கிறார்.

பிறகு எலெக்ட்ரானிக்ஸ் சாமான் வாங்க ரிச்சி தெரு. சால்டரிங் அயர்ன், ஈயம், தப்பாக வைத்த ஈயத்தை உறிஞ்ச ஒரு பம்ப். விசைக்கு ஒன்று வீதம் 42 டயோடு. ஒவ்வொன்றும் அரை நொய் அளவு. அதன் ஒரு முனையில் மெல்லிய கோடு இருக்கும். அது பலகையில் காட்டிய திசையைப் பார்க்காவிட்டால் அந்த விசை செத்த விசை. மனைவி புருவம் திருத்தும் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடித்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு வைத்தார். இரு பாதிகளையும் இணைக்கும் ஒயரை மின்சாரம் ஓடும்போது பிடுங்கக்கூடாது என்பது விதி. பிடுங்கினார். பலகையை இயக்கும் கன்ட்ரோலர் ஒன்று போயிற்று, இன்னொன்று வந்தது.

இவர் கணக்கு எழுதும் அழகே தனி. சால்டரிங் அயர்ன் கீபோர்டுச் செலவில் சேராது, அது வீட்டு உபயோகப் பொருள். போன கன்ட்ரோலர் கல்விச் செலவு. புது இடுக்கி குடும்பச் செலவு. மிச்சத்தைக் கூட்டினால் பட்ஜெட்டுக்குள்தான் வருகிறது.

ஊரிலிருந்து வந்த அத்தை இந்தக் கீபோர்டைப் பார்த்துவிட்டு, "என்னடா தம்பி, உடைஞ்சா வந்திருக்கு? திருப்பி அனுப்பிடு" என்றார். விளக்கிச் சொன்னதும் உட்கார்ந்து, விசையைப் பார்க்காமலே ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப் என்று தட்டிக் காட்டினார். அத்தை அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். இவருக்கோ 'பி' (B) வராது. இத்தனை நாளும் இடதுகையின் 'பி'யை வலது ஆள்காட்டி விரல் திருடி அடித்துவந்தது, பலகை பிளந்த பிறகுதான் தெரிந்தது. எண்களுக்கென்று தனி வரிசை கிடையாது. கட்டைவிரலால் ஒரு விசையை அழுத்திப் பிடித்தால்தான் எண் வரும். அந்தப் பழக்கம் கைவருவதற்குள் வங்கிக் கணக்கு பாஸ்வேர்டு தப்பாகிப் பூட்டிக்கொண்டது.

தமிழில் அடித்தால் வேடிக்கை இன்னும் அதிகம். அரசு 1999-இல் ஏற்ற தமிழ்99 முறையில் உயிரெழுத்தெல்லாம் இடப்பக்கம், மெய் பெரும்பாலும் வலப்பக்கம். ஆகவே உயிர் வேறு, மெய் வேறு என்று பிரித்துப் போட்டுக்கொண்டுதான் இவர் எழுதுகிறார். வலக்கோடி அடைப்புக்குறி விசையில் இருக்கும் 'ச'வுக்கு 42 விசையில் இடமில்லை. கட்டைவிரல் விசையை அழுத்தித்தான் அதை வரவழைக்க வேண்டும். 'செலவு' என்று எழுதுவது இவருக்குச் சிரமமாகப் போனது இப்படித்தான்.

உங்களுக்கும் மணிக்கட்டு வலித்தால், முதலில் நாற்காலியை உயர்த்துங்கள். போகாவிட்டால் வீட்டில் கிடக்கும் பழைய கீபோர்டையும் சேர்த்துச் செருகி, இரண்டு வாரம் பொறுமையாக அடித்துப் பாருங்கள். அதற்கும் போகாவிட்டால் டாக்டரைப் பாருங்கள். இவரிடம் மட்டும் யோசனை கேட்காதீர்கள். மூன்று பலகைகள் இன்னும் இவர் டிராயரில்தான் இருக்கின்றன.