லண்டன் கடிதம்: குளிக்காமல் படம் எடுத்துக்கொண்ட கார்

பிரிட்டனில் பழைய கார் விற்கும் டீலர்களில் ஒரு சாராருக்கு ஒரு பழக்கம். வண்டி கைக்கு வந்த அன்றே, கழுவாமல் துடைக்காமல் படம் எடுத்து விளம்பரத்தில் ஏற்றிவிடுவார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி இருக்கும்: வண்டி இன்னும் தயாராகவில்லை, கொடுக்கும்போது தயார் செய்து தரப்படும். இந்தத் தயாரிப்புக்கு இங்கே ‘பிரெப்’ என்று பெயர். வாட்டர் வாஷ், உள்ளே வேக்குவம், பம்பர் கீறலுக்குப் பட்டி பார்த்து ஒரு கோட் பெயிண்ட், ஆயில் மாற்றல், எம்ஓடி என்கிற வாகனத் தகுதிச் சோதனை எல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடக்கம். சில வண்டிகள் விஷயத்தில் நல்லடக்கம்.

ஊரில் பழைய கார் விற்பவர் செய்கிற முதல் காரியமே வாட்டர் வாஷ்தான். டயருக்குக் கறுப்புப் பாலிஷ், சீட்டுக்குப் புது உறை, டேஷ்போர்டில் ஒரு குட்டிப் பிள்ளையார், கூடவே “டாக்டர் ஓட்டின வண்டி சார்” என்று புரோக்கரின் சிபாரிசு. வரனுக்குப் படம் அனுப்பும் வீட்டில் பிள்ளையை ஸ்டுடியோவுக்குக் கூட்டிப்போய், பவுடர் பூசி, வாரி விட்டுத்தானே எடுப்பார்கள்? அந்த ஊரிலிருந்து வந்து இறங்கியவர், தலை கலைந்து, பல் தேய்க்காமல், எழுந்த கோலத்திலேயே நிற்கும் காரைப் படத்தில் பார்த்ததும் கொஞ்சம் ஆடித்தான் போகிறார். அதற்குக் கேட்கும் விலை அவரை இன்னும் ஆட்டுகிறது.

இந்த ரக விளம்பரம் ஒன்று எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். 2018 கடைசியில் பதிவான ஹேட்ச்பேக். விலை 7,495 பவுண்டு. முதல் படத்தில் மழையில் நனைந்த சிமென்ட் தரை, பின்னால் இரண்டு குப்பைத் தொட்டி, நடுவில் கார். கதவுகளின் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகத் தெரிவதைப் பார்த்து இரட்டை வண்ண மாடல் என்று ஏமாறக் கூடாது. அது குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்புக் கலந்த சேறு. ஜன்னல் ரப்பர் ஓரமாகப் பச்சைக் கோடு. அது பாசி. ஊரில் பாசி பிடிக்கக் கிணறோ குளத்துப் படிக்கட்டோ வேண்டும். இங்கே சில மாதம் நிறுத்தி வைத்த கார் போதும். ஏழாவது படம் பின்சீட்டு: குழந்தை சீட்டு அழுத்திய பள்ளம், அதில் நொறுங்கிய பிஸ்கட், சுற்றிலும் வெள்ளை நாய்முடி. ஒன்பதாவதில் கியருக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கோப்பை. ‘ஒரே ஓனர், பெண்மணி’ என்று விளம்பரம் சொல்வதற்கு இருக்கிற ஒரே ஆதாரம் அந்தக் கோப்பை மூடியில் ஒட்டியிருக்கும் லிப்ஸ்டிக்தான். பன்னிரண்டாவது படம் மீட்டர். 61,000 மைல். பக்கத்திலேயே ஆரஞ்சு நிறத்தில் இன்ஜின் விளக்கு கார்த்திகை தீபம் மாதிரி நின்று எரிகிறது.

கடைசிப் படம் டிக்கி. ஸ்டெப்னி இருக்க வேண்டிய குழியில் இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர். இங்கே யாரிடமாவது ஸ்டெப்னி என்றால், கிழக்கு லண்டனில் உள்ள ஸ்டெப்னி பகுதிக்கு வழி சொல்வார்கள். வேல்ஸில் லானெல்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904 வாக்கில் டேவிஸ் சகோதரர்கள் செய்து விற்ற மாற்றுச் சக்கரத்தின் பெயர் அது. பிறந்த நாட்டில் செத்துப்போய்த் தமிழ்நாட்டு மெக்கானிக் ஷெட்டில் உயிரோடு இருக்கிறது.

இத்தனை படத்துக்கும் கீழே விவரம்: ஓட்ட அருமையான வண்டி, குறை சொல்ல ஒன்றுமில்லை, முதலில் பார்ப்பவர் வாங்கிவிடுவார். முதலில் பார்த்தவர் என்ன ஆனார் என்று தெரியவில்லை. விளம்பரம் ஆறு வாரமாக அங்கேயே இருக்கிறது.

டீலர் ஏன் இப்படிச் செய்கிறார்? சோம்பேறித்தனம் ஒரு காரணம். கணக்கு அதைவிடப் பெரிய காரணம். பிரிட்டனில் 2024-ல் கைமாறிய பழைய கார்கள் சுமார் 76 லட்சம். அதே ஆண்டில் பதிவான புதுக் கார்கள் 20 லட்சத்துக்கும் குறைவு. டீலருக்குச் சரக்கு பெரும்பாலும் ஏலத்திலிருந்தோ, புது வண்டி வாங்குகிறவர் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போகும் பழைய வண்டியிலிருந்தோ வருகிறது. ஏலக் கம்பெனிகள் காரின் மேல்தோற்றத்துக்கு 1 முதல் 5 வரை கிரேடு போடுகின்றன; அதற்கும் கீழே போனால் ‘யூ’. ஏலம் எடுக்கிற டீலர் பார்க்கும் இந்த ரேங்க் கார்டு, அவரிடம் வாங்குகிறவர் கண்ணில் அநேகமாகப் படுவதே இல்லை. ஏலத்தில் எடுத்த வண்டிக்குப் பல டீலர்கள் கடன் வாங்கித்தான் பணம் கட்டுகிறார்கள். வட்டி தினக்கணக்கில் ஓடுகிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும் ஓடுவது அது ஒன்றுதான். காரின் விலையோ மாதாமாதம் இறங்குகிறது.

சின்ன டீலரிடம் சொந்த ஒர்க்‌ஷாப் இருக்காது. கழுவுகிறவர் ஒரு நாள் வருவார்; கீறலைச் சரிசெய்கிறவர் தன் வேனோடு வேறொரு நாள் வருவார்; எம்ஓடி சோதனைக்கு இன்னொரு கராஜில் தேதி வாங்க வேண்டும். மூன்று வேலையும் முடிய இரண்டு வாரம் ஆகிவிடும். அதுவரை வண்டியை விளம்பரத்தில் காட்டாமல் வைத்திருப்பது டீலர் கணக்கில் வீண். அழுக்கோடு படத்தைப் போட்டு, 99 பவுண்டு கட்டி ரிசர்வ் செய்ய ஓர் ஆள் வந்துவிட்டால், அப்புறம் கழுவிக்கொள்ளலாம். வராவிட்டால் கழுவுகிற செலவு மிச்சம். வண்டி வந்த வழியே ஏலத்துக்குத் திரும்பிப் போகும். வாங்குகிறவர் சிக்கின பிறகே செலவு என்பதுதான் இதிலுள்ள சூட்சுமம். கடன் சொல்லி வியாபாரம் செய்கிறவர்கள் உலகமெங்கும் உண்டு. இங்கே சுத்தத்தையே கடன் சொல்கிறார்கள்.

முன்பு இப்படி ஒரு பிரச்சினையே எழவில்லை. ஆட்டோ டிரேடர் 1977-ல் தொடங்கி 2013 வரை அச்சில் வந்த கார் விளம்பரப் பத்திரிகை. அதில் காரின் படம் தபால் தலையைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். அந்த அளவில் எல்லாக் காரும் சுத்தம். இப்போது செல்போன் காமிராவில் முப்பது நாற்பது படம் எடுத்துப் போட இடமிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் பிஸ்கட்டின் பிராண்டுகூடத் தெரியும். படம் போடுகிறவருக்கு அதில் கூச்சம் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

இதில் வாங்குகிறவருக்கு ஒரு லாபமும் இருக்கிறது, டீலர் உத்தேசிக்காத லாபம். பிரெப் ஆகாத கார் பொய் சொல்லத் தெரியாத கார். டிக்கியில் தண்ணீர் இருந்தால் எங்கோ ரப்பர் போயிருக்கிறது. இன்ஜின் விளக்கு எரிந்தால் ஏதோ கோளாறு. பளபளவென்று துடைத்து, பைன் மர வடிவ வாசனை அட்டையைக் கண்ணாடியில் தொங்கவிட்ட பிறகு இவை எதுவும் தெரியாது. தண்ணீரை வடித்துவிடலாம், விளக்கைக் கம்ப்யூட்டர் செருகி அணைத்துவிடலாம், கோளாறு அங்கேயே இருக்கும், விளக்கு மட்டும் சில நாள் கழித்து, பணம் கொடுத்து முடித்தவரின் தெருவில் வந்து எரியும். மழையில் நனைந்த காரைப் பார்த்து வாங்காதே, ஈரம் கீறலையும் நெளிசலையும் மறைத்துவிடும் என்பது இந்நாட்டுப் பெரியவர்கள் சொல்லும் புத்தி. அதன்படி நடந்தால் இந்தத் தட்பவெப்பத்தில் வருஷத்துக்கு இரண்டு வாரம்தான் கார் வாங்க முடியும்.

மறைப்பதில் இங்குள்ளவர்களுக்குப் பாரம்பரியம் உண்டு. ரோல்ட் டால் 1988-ல் எழுதிய ‘மெட்டில்டா’ என்ற சிறுவர் நாவலில், அந்தப் பெண்ணின் அப்பா பழைய கார் வியாபாரி. கியர்பாக்ஸில் மரத்தூளைக் கலந்து சத்தத்தை அடக்குவார். மின்சார டிரில்லை மாட்டி மைல் மீட்டரைப் பின்னோக்கிச் சுற்றுவார். அதை மகனுக்குப் பெருமையாகவே சொல்லித் தருவார். டிரில் போய் லேப்டாப் வந்துவிட்டது. மீட்டரைக் குறைக்கும் தொழில் போகவில்லை. இதில் சட்டத்தின் நிலை விசித்திரமானது. மீட்டரைக் குறைப்பது தன்னளவில் குற்றமல்ல. குறைத்ததைச் சொல்லாமல் விற்றால்தான் குற்றம்.

‘எலுமிச்சைச் சந்தை’ பற்றி ஜார்ஜ் ஆக்கர்லாஃப் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1970-ல் ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். அமெரிக்கக் கொச்சையில் எலுமிச்சை என்றால் வாங்கின பிறகு பல்லைக் காட்டும் கார். விற்கிறவருக்கு வண்டியின் ஜாதகம் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. அதனால் வாங்குகிறவர் எதற்கும் நடுத்தர விலைக்கு மேல் தர மாட்டார். அந்த விலை கட்டுப்படியாகாமல் நல்ல வண்டி வைத்திருப்பவர் சந்தையை விட்டு விலகுவார். கடைசியில் எலுமிச்சையே மிஞ்சும். வாதம் இவ்வளவுதான். கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு வண்டியை எடுக்கிற தமிழருக்கு மட்டும் இது கேட்கக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

ஜாதகம் பார்க்க வாங்குகிறவருக்கும் இப்போது வழி இருக்கிறது. நம்பர் பிளேட்டே வயதைச் சொல்லிவிடும்: நடுவில் 18 என்றால் 2018 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, 68 என்றால் அந்த செப்டம்பர் முதல் அடுத்த பிப்ரவரி வரை. அடுத்தது எம்ஓடி. 1960-ல் பத்து வயதான கார்களுக்கு என்று தொடங்கிய இந்தப் பரிசோதனை, 1967 முதல் மூன்று வயதான கார்களுக்கே வந்துவிட்டது. எம்ஓடி என்பது போக்குவரத்து அமைச்சகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். அந்த அமைச்சகம் எப்போதோ பெயர் மாற்றிக்கொண்டது, சோதனை மாற்றிக்கொள்ளவில்லை. அரசாங்கத் தளத்தில் கார் நம்பரைத் தட்டினால் 2005-லிருந்து நடந்த சோதனை விவரம் எல்லாம் இலவசமாக வந்து கொட்டும். எந்த வருஷம் ஃபெயில், எதற்காக, அன்று மீட்டரில் எத்தனை மைல், பாஸ் ஆனாலும் பரிசோதகர் போட்ட எச்சரிக்கைக் குறிப்பு என்ன, எல்லாம். 2022-ல் 74,000 மைல் ஓடியிருந்த வண்டி இன்று 61,000 காட்டினால் அது இளமை திரும்பிய வண்டி, விட்டுவிடுவது உத்தமம். முன் டயர் சட்ட எல்லையான 1.6 மில்லிமீட்டரை நெருங்குகிறது, பிரேக் குழாயில் துரு என்ற குறிப்பு மூன்று வருஷமாகத் தொடர்ந்து இருந்தால், அந்த உதட்டுச்சாயப் பெண்மணி காபிக்குச் செலவழித்ததை வண்டிக்குச் செலவழிக்கவில்லை என்று பொருள்.

சட்டம் வாங்குகிறவர் பக்கம்தான் இருக்கிறது, கொஞ்சம் கவனமாக நடந்துகொண்டால். 2015 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, டீலர் விற்கும் வண்டி அதன் வயதுக்கும் விலைக்கும் தகுந்த தரத்தில், விவரித்தபடி இருக்க வேண்டும். இல்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். 30 நாள் தாண்டினால், சரிசெய்ய டீலருக்கு ஒரு வாய்ப்பு தர வேண்டும். அது பலிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம், ஓட்டின அளவுக்குக் கழித்துக்கொள்வார்கள். பார்த்தபடி விற்கப்பட்டது என்று பில்லில் எழுதி டீலர் இந்தப் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. அதனால்தான் சில டீலர்கள் தனிநபர் வேஷம் போட்டுக்கொண்டு, பொண்டாட்டி வண்டி என்று சொல்லி விற்கிறார்கள். அப்படிச் செய்வது குற்றம். தெரு முனையில் ஒருவர் வருஷத்துக்குப் பன்னிரண்டு பொண்டாட்டி வண்டி விற்றால் சந்தேகப்படலாம்.

அழுக்குப் படம் சட்டத்தில் இரண்டு பக்கமும் வெட்டும். வாங்கும் முன்பே குறிப்பாக எடுத்துக்காட்டிய குறையைச் சாக்காக வைத்து, பிறகு தரமில்லை என்று வாதாட முடியாது. பம்பர் நெளிசல் படத்திலேயே இருக்கிறதே என்பார் டீலர். தயார் செய்து தருவதாக அதே விளம்பரம் சொல்கிறதே என்பார் வாங்கினவர். என்னென்ன தயார் என்று விளம்பரத்தில் இருக்காது. பிரெப் என்ற சொல்லுக்கு அகராதியும் கிடையாது. ஒரு டீலருக்கு அது புது பிரேக், இன்னொருவருக்கு ஈரத்துணி. ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முன்பணம் கட்டுமுன் ஒரு பட்டியல் எழுதி டீலரிடம் கையெழுத்து வாங்குகிறார்கள்: இன்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்று பார்த்துச் சரிசெய்வது, முன் டயர் இரண்டும் புதிது, டிக்கி ஒழுகலை அடைப்பது, இன்றைய தேதியில் புது எம்ஓடி. விளம்பரத்தையும் படங்களையும் சேமித்து வைத்துக்கொள்கிறார்கள். வண்டி விற்ற மறுநிமிடம் விளம்பரம் காணாமல் போய்விடும்.

வண்டி எடுக்கும் நாளில் இன்னும் ஒன்றிரண்டு. 2014 அக்டோபர் முதல் பழைய ஓனர் கட்டிய சாலை வரி வண்டியோடு வருவதில்லை; இன்ஷூரன்ஸும் வரியும் வாங்கினவர் பெயரில் ஏறாமல் சக்கரம் சாலையைத் தொடக் கூடாது. கார் கழுவியிருக்கும். பாசியும் பிஸ்கட்டும் போயிருக்கும். நாய்முடி பாதிக்குமேல் போயிருக்கும். மீட்டர் பக்கத்தில் விளக்கு இருக்காது. சாவி போட்டதும் மற்ற விளக்குகளோடு அதுவும் ஒருமுறை எரிந்து அணைகிறதா என்று பார்க்க வேண்டும், எரியவே இல்லையென்றால் விளக்கை யாரோ கவனித்திருக்கிறார்கள். டீலர் ஒரு சாவி தருவார். விளம்பரத்தில் இரண்டு சாவி என்று போட்டிருக்கும். இன்னொன்று பழைய ஓனர் வீட்டில் இருக்கிறது, வாங்கித் தபாலில் அனுப்பிவிடுவதாகச் சொல்வார்.