துணிந்த பாட்டி

கிழிந்த துணியைத் தைக்கிறவர்களை நமக்குத் தெரியும். நல்ல புதுத்துணியைக் கெஜம் 13 டாலருக்கு வாங்கி வந்து, அதை 200 துண்டாக நறுக்கி, நறுக்கியதை மறுபடி ஒன்றாகத் தைத்து, தைத்ததை முன்பின் தெரியாத ஒருவருக்குச் சும்மா கொடுத்துவிட்டு, மறுநாள் காலை அடுத்த துணி வாங்கக் கிளம்புகிறவரைப் பார்த்ததுண்டா? அமெரிக்காவில் ஓஹையோ, அயோவா, நெப்ராஸ்கா பக்கம் எந்தச் சிற்றூருக்குப் போனாலும் பார்க்கலாம். பெட்ரோல் பங்க் ஒன்று, உயரமான தண்ணீர்த் தொட்டி ஒன்று, லூத்தரன் சர்ச் ஒன்று, அந்தச் சர்ச்சின் நிலவறையில் குவில்ட் பாட்டிகள் ஒரு டஜன். இத்தனையும் இருந்தால்தான் அங்கே ஊர் என்று ஒப்புக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

குவில்ட் என்பது மூன்றடுக்குப் போர்வை. மேலே துண்டுத்துணிகளைக் கோலமாகச் சேர்த்துத் தைத்த முகப்பு, நடுவே பஞ்சுப் படலம், அடியில் முதுகுத்துணி. மூன்றையும் ஊடுருவித் தையல் ஓட்டி, ஓரத்துக்குப் பட்டி வைத்துவிட்டால் முடிந்தது. சொல்ல ஒரு நிமிஷம் போதும், செய்ய ஒரு குளிர்காலம் ஆகும். நம் ஊரிலும் பழைய நூல்புடவைகளை மடித்துத் தைத்துக் குழந்தைக்கு விரித்த பாட்டிகள் இருந்தார்கள். துணி மிஞ்சிப்போனதால் தைத்தார்கள். குவில்ட் பாட்டியும் துணி மிஞ்சிப்போனதால்தான் தைக்கிறார். ஆனால் அவர் வாங்குவதே மிஞ்சுவதற்காக.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வயது 65க்கு மேல். முன்னாள் பள்ளி ஆசிரியையாகவோ நர்ஸாகவோ இருப்பார். கழுத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி தொங்கும், தலைமேல் இன்னொன்று இருக்கும், மூன்றாவதைத் தேடிக்கொண்டிருப்பார். ஸ்வெட்டர் முழுக்க நூல் பிசிறு. பேசும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், சட்டையைப் பார்ப்பார். அந்தப் பார்வையில் நம் சட்டை ஐந்தங்குலச் சதுரங்களாகப் பிரிந்துகொண்டிருக்கும். விமான நிலையக் கழிப்பறையில் குனிந்து தரை ஓடுகளைப் போன் கேமராவில் படம் பிடிக்கும் வயதான பெண்மணியைக் கண்டால் பயந்துவிட வேண்டாம். அந்த ஓட்டு வரிசையில் புதிதாக ஒரு டிசைன் கண்டுபிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

வீட்டில் மகனுடைய படுக்கையறைதான் இப்போது தையலறை. மகன் கல்லூரிக்குப் போன அன்று சாயங்காலமே துணி உள்ளே வந்துவிட்டது. நன்றி நவிலும் நாளுக்கு ஊர் திரும்பும் பிள்ளை ஹாலில் சோபாவில் படுக்கிறான். போர்த்திக்கொள்ள மட்டும் குறையே இல்லை.

துணிச் சேமிப்பை இவர்கள் ‘ஸ்டாஷ்’ என்கிறார்கள். பதுக்கல் என்ற உண்மையை மறைக்காத சொல். கடையில் அரைக் கெஜத்தைக் குறுக்கே பாதியாக்கி, 18க்கு 22 அங்குலத் துண்டாக விற்பார்கள். அதற்கு ‘ஃபேட் குவார்ட்டர்’ என்று பெயர். சர்ச்சுக்குத் தவறாமல் போகும் மூதாட்டி கூசாமல் கடைக்குள் நுழைந்து, “பன்னிரண்டு குவார்ட்டர் கொடுங்கள், நீலத்தில்” என்று கேட்பதைப் பார்க்கும் நம்மூர்க்காரர் ஒரு கணம் திகைத்துத்தான் போவார். வாங்கிய குவார்ட்டரைக் கார் டிக்கியில் ஒளித்துவைத்து, வீட்டுக்காரர் தூங்கிய பிறகு உள்ளே கொண்டுவருவது வரைக்கும் நாம் அறிந்த கதைதான். ஒளிப்பவர்தான் மாறியிருக்கிறார்.

வீட்டுக்காரருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்து என்ன செய்ய? பல துணிக்கடைகளில் வாசலருகே அவருக்கென்றே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்கள். அதில் உட்கார்ந்து பழைய மீன்பிடிப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டே காலத்தை ஓட்டப் பழகிவிட்டார். எப்போதாவது வாய் தவறி, “இருக்கிற துணியே போதாதா?” என்று கேட்டுவிட்டால் பாட்டியிடம் பதில் தயாராக இருக்கிறது: “இது எனக்கா? தானத்துக்கு.” அவ்வளவுதான், வாய் அடைத்துப்போகும். புண்ணியக் கணக்கில் எழுதிவிட்ட செலவை எந்தப் புருஷன் தணிக்கை செய்ய முடியும்?

1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் சக்கரக் கத்தியைக் கொண்டுவந்தது. அதுவரை அட்டையை வைத்துக் கோடு போட்டுக் கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டிருந்த வேலை, நாலைந்து அடுக்கை ஒரே உருட்டில் வெட்டும் வேலையாகிவிட்டது. நேரம் மிச்சமானதால் பாட்டிகள் ஓய்வெடுத்தார்கள் என்று யாராவது நினைத்தால் அவருக்குப் பாட்டிகளைத் தெரியாது. மிச்சமான நேரம் கடைக்குப் போக உதவியது. தொடங்கிப் பாதியில் நிற்கிற போர்வைகளும் பெருகின. ‘பாதி முடிந்த வேலைகள்’ என்பதை ஆங்கிலத்தில் சுருக்கினால் பி.எச்டி. என்று வருகிறது. “என்னிடம் பதினேழு பி.எச்டி. இருக்கிறது” என்று பாட்டி சொன்னால் மரியாதையாக எழுந்து நிற்காதீர்கள். அலமாரி திறந்து மேலே விழுந்துவிடாமல் தள்ளி நில்லுங்கள்.

இனி நிலவறைக்கு வருவோம். வாரம் ஒரு காலை வேளை, ஒன்பது மணி. நீள மேஜைகள், காபிக் கொதிகலன், யாரோ சுட்டுவந்த எலுமிச்சை பார். ஒருவர் அயர்ன் பண்ணுகிறார், இருவர் வெட்டுகிறார்கள், நால்வர் தைக்கிறார்கள், ஒருவர் பட்டி வைக்கிறார், ஒருவர் வேலையே செய்யாமல் ஊர்ச் செய்தி வாசிக்கிறார். அந்தக் கடைசி ஆள் இல்லாத வாரத்தில் உற்பத்தி பாதியாகிவிடும் என்பதால் அவரையும் உழைப்பாளர் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும்.

இங்கே சட்டம் ஒன்றுதான்: தையல் விளிம்பு கால் அங்குலம். ஆசாரி கணக்கில் தையலுக்கு ஒரு நூல் கூடுதலாகத் தின்றுவிட்டாலும், 12 கட்டம் கொண்ட வரிசையில் ஒன்றேகால் அங்குலத்துக்கு மேல் காணாமல் போய்விடும். அடுத்த வரிசையோடு முனை சேராது. புதிதாகச் சேர்ந்த அறுபது வயதுச் ‘சின்னப் பெண்’ அப்படித் தைத்துவிட்டால் யாரும் திட்டுவதில்லை. தையல் பிரிக்கும் குட்டிக் கருவியை அன்பாக எடுத்து அவர் கையில் வைப்பார்கள். திட்டியிருக்கலாம்.

தாராள மனசுக்காரர்கள்தான். ஆனாலும் சண்டை உண்டு. வெட்டுவதற்கு முன் புதுத்துணியை அலசிக் காயப்போடுவதா, அப்படியே வெட்டுவதா என்பதில் வடகலை தென்கலைப் பிரிவு இருக்கிறது. அலசுகிற கட்சி சாயம் போகும் என்கிறது, அலசாத கட்சி மொடமொடப்புப் போகும் என்கிறது. நடுப்படலம் பருத்தியா பாலியெஸ்டரா என்று இன்னொரு வழக்கு நடக்கிறது. இதையெல்லாம் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு கணவர் வந்து, துணி வெட்டும் கத்தரியை எடுத்து ஏதோ ஒரு காகிதக் கவரை வெட்டினால் மொத்த நிலவறையும் ஒரே கட்சியாகிவிடும்.

மாதம் ஒரு முறை குவில்ட் சங்கக் கூட்டம். முடித்ததைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். இரண்டு பேர் முனைகளைப் பிடித்து விரிப்பார்கள். நமக்குக் கண் கூசும்: நட்சத்திரம், பறக்கும் வாத்து, கரடிப் பாதம், மரக்குடில் என்று ஒவ்வொரு டிசைனுக்கும் பரம்பரைப் பெயர். எல்லாரும் வாய் பிளந்து பார்க்கையில், தைத்தவர் முதல் வேலையாக, “இதோ இந்த மூலையைப் பாருங்கள், முனை சேரவில்லை” என்று தானே குறை காட்டுவார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஓடுகிற குதிரைமேல் இருந்து பார்த்தால் தெரியாது!” இது அவர்களுடைய பழமொழி. ஆமிஷ் கிறிஸ்தவப் பிரிவுப் பெண்கள் ‘இறைவன் ஒருவனே குறையற்றவன்’ என்று வேண்டுமென்றே ஒரு தப்பு விட்டுத் தைப்பார்கள் என்று ஒரு கதையும் சுற்றுகிறது. ஆதாரமில்லாத கதை என்கிறார்கள் குவில்ட் வரலாற்றை ஆராய்கிறவர்கள். பாட்டிகளைக் கேட்டால், வேண்டுமென்று விடும் அளவுக்குத் தங்களுக்குத் தப்புப் பஞ்சம் வந்ததே இல்லை என்பார்கள்.

தீர்த்த யாத்திரை உண்டு. கென்டக்கி மாநிலத்தில் படூக்கா என்ற ஊர், மக்கள்தொகை சுமார் 27,000. 1991இல் திறந்த குவில்ட் அருங்காட்சியகம் அங்கே இருக்கிறது. வசந்தகால குவில்ட் வாரத்தில் ஓட்டல் அறை கிடைக்காது. ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அறைகளையே வாடகைக்கு விட்டுவிடுவார்கள். கண்காட்சியில் போர்வையை நாம் தொடக்கூடாது. வெள்ளைக் கையுறை போட்ட தொண்டர் வந்து ஓரத்தைத் தூக்கிக் காட்டுவார். மற்றவர்கள் முகப்பைப் பார்த்து அசந்து நிற்க, பாட்டி கேட்பது ஒன்றே ஒன்று: “கொஞ்சம் பின்பக்கத்தைக் காட்டு.” பெண் பார்க்கப் போன இடத்தில் சமையலறையை எட்டிப் பார்க்கிற மாமியார்கள் இந்தப் பாட்டிகளோடு நன்றாக ஒத்துப்போவார்கள்.

சரி, தைத்ததெல்லாம் எங்கே போகிறது? குறைமாதக் குழந்தைகள் இருக்கும் மருத்துவமனை வார்டுக்கு, வீடு எரிந்த குடும்பத்துக்கு, வளர்ப்பு வீட்டுக்கு மாற்றப்படும் பிள்ளைக்கு. சில ஊர்களில் போலீஸ் காரின் டிக்கியிலேயே இரண்டு போர்வை இருக்கும், விபத்து நடந்த இடத்தில் அழுகிற குழந்தையைப் போர்த்துவதற்கு. 1995இல் கேரன் லூக்ஸ் கொலராடோவில் தொடங்கிய ‘புராஜெக்ட் லைனஸ்’ இந்தக் குழந்தைப் போர்வைகளை நாடு முழுக்கக் கொண்டுபோனது. போர்வையை விடாமல் இழுத்துக்கொண்டு திரியும் கார்ட்டூன் பையன்தான் அந்த லைனஸ். ஈராக்கில் மகன் போர்முனையில் இருந்தபோது, 2003இல், கேத்தரின் ராபர்ட்ஸ் தொடங்கிய ‘குவில்ட்ஸ் ஆஃப் வேலர்’ முன்னாள் படைவீரர்களுக்கு விழா எடுத்துப் போர்வை போர்த்துகிறது. அந்த விழாவைப் பார்க்கும் தமிழனுக்குப் பொன்னாடை ஞாபகம் வரும். ஆனால் நம் பொன்னாடை மேடையிலிருந்து இறங்கியதும் மடித்து அடுத்த மேடைக்குப் போய்விடும். இது 60க்கு 80 அங்குலம், தைத்தவர் பெயர் எழுதிய துண்டு மூலையில் இருக்கும், வாங்கியவர் கால்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கலாம். பாட்டி இதைப் பற்றியெல்லாம் அதிகம் பேசமாட்டார். கண் கலங்குகிற பேச்சு வந்தால் ஊசியில் நூல் கோக்கப் போய்விடுவார்.

“இவ்வளவு நன்றாகத் தைக்கிறீர்களே, விற்கலாமே?” என்று கேட்காதவர்கள் இல்லை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். துணியும் பஞ்சும் நூலும் 150 டாலர். நேரம் 60 மணி என்று வைத்து, மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர் என்று போட்டால் 435. ஆக 585 டாலர், லாபம் இல்லாமல். பெரிய கடையில் போர்வை 50 டாலருக்குத் தொங்குகிறது. இந்த விலைக்கு விற்க முடியாது, அந்த விலைக்கு விற்பது அவமானம். இலவசம் ஒன்றுதான் கட்டுப்படியாகிற விலை.

சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம்தான். பாட்டி கொடுத்தும் பார்த்திருக்கிறார். பேரனுக்கு ஆறு மாதம் தைத்துக் கொடுத்த இரட்டைக் கல்யாண மோதிர டிசைன், வீடு மாறும்போது பிரிட்ஜைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்ததைப் பார்த்தார். மருமகள் வீட்டில் இன்னொன்றின் மேல் லாப்ரடார் படுத்திருந்தது. அதிலிருந்து அந்நியர்கள் மேல் பிரியம் அதிகமாகிவிட்டது. அவர்களிடம் போனது என்ன ஆயிற்று என்று தெரியவராது என்பதால் நிம்மதியாக நல்லதையே நினைத்துக்கொள்ளலாம். தரும சிந்தனைக்கு எத்தனையோ காரணம் சொல்கிறார்கள். இதுவும் ஒன்று என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

அமெரிக்காவில் குடியிருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுப் பாட்டி உங்கள் குழந்தைக்கு ஒரு குவில்ட் கொண்டுவந்து கொடுத்தால், “இவ்வளவு அழகா இருக்கே, அழுக்காயிடுமே” என்று பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அத்தை பெண்ணின் சீமந்தத்துக்கு எடுத்துப் போகவும் வேண்டாம். கீழே விரித்துக் குழந்தையைப் படுக்கப்போடுங்கள், ஈரம் பண்ணட்டும். குளிர்ந்த தண்ணீரில் தாராளமாகத் துவைக்கலாம். விலை மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்று மனசு அடித்துக்கொண்டால் உங்களிடம் இருக்கும் சுங்குடிப் புடவையில் ஒன்றைக் கொடுங்கள். பருத்தியாக இருக்கட்டும், பாலியெஸ்டரை வாங்க மாட்டார்.