கறுப்புப் பட்டி வாங்கிய தம்பி

பட்டமளிப்புக் காலத்தில் யாழ்ப்பாணம் திருநெல்வேலி பரமேஸ்வராச் சந்திப் பக்கம் போகிறவர்கள் இந்தத் தம்பியைத் தவறவிட முடியாது. கழுத்தில் கனடா மாமா கொண்டுவந்து கொடுத்த நிக்கோன் டி3500. மோட்டார் சைக்கிளின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிய இரண்டு ஸ்ரூடியோ பிளாஷ், ஒரு வெள்ளைக் குடை. மழை வந்தாலும் அந்தக் குடையை விரிக்கமாட்டார், நனைவது அவர்தான். வேகமே திறமை என்பது அவருடைய கொள்கை. ஆகவே கலியாண வீட்டில் ஷட்டரை 1/320 செக்கனில் வைத்து அமத்துவார். இரண்டு பிளாஷும் பளிச்சென்று எரியும். படத்தைப் பார்த்தால், பொம்பிளையின் கூறைக்கரை இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கறுப்புப் பட்டி. வேகம் போதவில்லை என்று நினைத்து 1/500க்கு ஏற்றி, கமராவை நிமிர்த்திப் பிடித்து எடுப்பார். பட்டி அகன்று பக்கவாட்டுக்கு வந்துவிடும். "தம்பி, மிச்ச மாப்பிள்ளை எங்கை?" என்று பெரியவர் ஒருவர் கேட்க, "பிளாஷ் பிழை ஐயா" என்பார் தம்பி, கொஞ்சமும் தயங்காமல்.

வேலை தெரியாதவர் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அது அவசரத் தீர்ப்பு. கமராவுக்குள் சென்சருக்கு முன்னால் இரண்டு திரைகள் ஓடுகின்றன. ஒன்று திறக்க, மற்றது மூடும். 1/200 வரைக்கும் ஒரு கணமாவது சென்சர் முழுதாகத் திறந்திருக்கும். அதற்கு மேல் வேகம் கேட்டால், முதல் திரை விலகி முடிய முன்னரே இரண்டாவது புறப்பட்டுவிடும். இடையில் ஒரு நீக்கல் மட்டும் ஓடும். பிளாஷ் எரிவதோ செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். அந்நேரம் திரை மறைத்த பகுதி இருட்டு. இத்தனை நாளும் தம்பிக்கு இது ஏன் தெரியவில்லை? கமராவின் சொந்தச் சின்ன பிளாஷ் நிமிர்ந்து நிற்கும்போது, கமரா தானாகவே 1/200க்கு மேல் போக மறுத்துவிடும். எல்லை என்று ஒன்று இருப்பதையே அது அவருக்குக் காட்டவில்லை. ஸ்ரூடியோ பிளாஷை எரியவைக்கும் மலிவான ரேடியோ ட்ரிகரை மேலே செருகினாலோ, தன் தலையில் ஏதோ இருப்பதே கமராவுக்குத் தெரியாது. கேட்ட வேகத்தைக் கொடுத்துவிடும். அம்மா தோய்த்து மடித்துவைத்த சேட்டையே போட்டு வளர்ந்த பெடியன், கம்பஸுக்கு வந்து திருநெல்வேலியில் அறை எடுத்த முதல் கிழமை இப்படித்தான் இருப்பான். குற்றவாளியைத் தேடுகிறவர்கள் தம்பியை விட்டுவிட்டு, அவரைச் செல்லம் கொடுத்துக் கெடுத்த கமராவைப் பிடிக்கவேண்டும்.

"மலிந்த கமரா, வேறென்ன" என்பவர்கள் உண்டு. பத்து மடங்கு விலையான கமராக்களிலும் இந்த எல்லை பெரும்பாலும் 1/200, 1/250ஐச் சுற்றித்தான் நிற்கிறது. திரைகளின் தொல்லையில்லாமல் எந்த வேகத்திலும் பிளாஷோடு ஒத்துப்போகும் சோனி ஏ9 மார்க் 3 ஐ 2023இல் அறிவித்தார்கள். தம்பி மோட்டார் சைக்கிளை விற்றாலும் அதை வாங்கக் காசு காணாது. "வேகத்தைக் குறைச்சால் ஆக்கள் அசைஞ்சு மங்கிப்போகும்" என்பது தம்பியின் சொந்த வாதம். கேட்க நியாயமாகவே இருக்கும். ஆனால் அறைக்குள் படத்தை எழுதுவது பிளாஷ் வெளிச்சம். அசைவை நிறுத்துவதும் அது எரியும் அந்தக் குறுகிய நேரமே. 1/125இலும் தாலி கட்டும் கை தெளிவாக விழும். பக்கத்தில் வீடியோக்காரர் பெரிய லைற்றைப் பிடித்துக்கொண்டு நின்றால் மட்டும் கதை வேறு. இன்னொரு இடத்தில் தம்பி போன்ற போட்டோகிராபர்களுக்கு முழு விடுதலையே கொடுக்கலாம்: 2019இல் வந்த கனன் 200டி மார்க் 2இல், பிளாஷ் செருகும் இடத்தின் நடுமுனையையே கனன் எடுத்துவிட்டது. பழைய சாதாரண ட்ரிகர்கள் அதில் வேலை செய்யா. அந்தக் கமராவோடு வருகிறவர் "பிளாஷ் எரியேல்லை" என்றால், அவரை நம்புங்கள்.

ஆகவே ஆவணியில் கலியாணம் வைத்திருப்பவர்கள் தம்பியைக் கைவிட்டு ரவுணுக்கு ஓடவேண்டாம். முற்பணம் கொடுக்கும்போதே ஷட்டரை 1/125இல் வைக்கச் சொல்லுங்கோ. மலிவு ட்ரிகர் கொஞ்சம் பிந்தி வேலை செய்யக்கூடும் என்பதால் 1/200ஐயும் நம்பவேண்டாம். "ஐயாவும் போட்டோகிராபரோ?" என்று அவர் கேட்பார். "ஓம்" என்று சொல்லிவிடுங்கோ.