மாடத்தில் ஒரு மௌன விரதம்: மார்க் ட்வைன் பரிசை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

தன்னந்தனியாக மேடையேறி, மைக் ஒன்றே துணையாகப் பிழைக்கும் நகைச்சுவையாளரை எப்படிக் கௌரவிப்பது? வாஷிங்டன் கென்னடி மையத்தார் கண்ட வழி எளியது: மைக்கை வாங்கிக்கொள்வது, கோட்டு மாட்டி மாடத்தில் உட்காரவைப்பது, கூட்டாளிகளை ஒருவர்பின் ஒருவராக மேடையேற்றி அவரை வாரச்சொல்வது. 1998இல் ரிச்சர்ட் பிரையர் முதல் மார்க் ட்வைன் பரிசைப் பெற்றார். விருதாளர் வாய் திறக்கும் முறை விழாவின் கடைசியில்தான் வரும். ஆக, அரங்கிலேயே அதிகம் சிரிக்கவைக்கத் தெரிந்தவர் அன்றைக்கு அதிக நேரம் சும்மா இருக்கிறார். இம்முரண் இதுவரை ஆராயப்படவில்லை. நாட்டில் வேறு வேலை இருப்பதே காரணம் ஆகலாம்.

2. கருதுகோள்

நகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று என்பது தொல்காப்பியம். உரைகாரர் பேராசிரியர் அதை இரண்டாகப் பகுப்பார்: பிறரை எள்ளித் தான் நகுவது, பிறர் தன்னை எள்ளத் தான் நகுவது. முதல் வகையில் வாழ்நாளெல்லாம் சம்பாதித்தவரை ஒரே இரவில் இரண்டாம் வகைக்கு மாற்றுவதே இவ்விருது என்பது நம் கருதுகோள்.

பேராசிரியர் காலத்தில் கேமரா இல்லை. இப்போது ஒவ்வொரு கிண்டலுக்கும் மாடத்து முகம் திரையில் வந்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் தலைக்கனம் என்பார்கள். விழுந்து விழுந்து சிரித்தால் வழிகிறார் என்பார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு புன்னகையை ஒரு மாலை முழுக்கக் கட்டிக்காப்பது கடும் உடலுழைப்பு. நெடுங்காலம் பிபிஎஸ், 2024இல் கெவின் ஹார்ட் விழாவுக்கு நெட்ஃப்ளிக்ஸ் என ஒளிபரப்பியவர் மாறினாலும், உழைப்பு மாறவில்லை.

3. தரவுகள்

அ) ஜார்ஜ் கார்லின் (2008): தொலைக்காட்சியில் சொல்லக்கூடாத ஏழு சொற்களை மேடையில் சொன்னதற்காக 1972இல் மில்வாக்கியில் கைதானவர். அதே பொருளில் அவர் பேசியது வானொலியில் ஒலிபரப்பாகி, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1978இல் தீர்ப்பு வந்தது. அவருக்குத் தொலைக்காட்சி விழா! பரிசு அறிவித்த சில நாளிலேயே ஜூன் 22 அன்று காலமானார். விழா நவம்பரில் நடந்தது. விதிமுறைப்படி முழு அமைதி காத்த ஒரே விருதாளர் இவரே.

ஆ) பில் காஸ்பி (2009): பிரையர் விழாவில் கெட்ட வார்த்தைகள் புழங்கின என்று இருமுறை பரிசை மறுத்தவர், பிறகு ஏற்றார். 2018இல் மையம் பரிசைத் திரும்பப் பெற்றது. காரணம் கெட்ட வார்த்தை அல்ல.

இ) டேவ் சாப்பெல் (2019): நன்றியுரையின்போது மேடையிலேயே சிகரெட் பற்றவைத்தார். வாய்க்கு இட்ட பூட்டை வாயாலேயே உடைத்ததாக இதைக் கொள்க.

4. மூலபுருஷர்

பரிசாகத் தரப்படுவது, கார்ல் கெர்ஹார்ட் 1884இல் வடித்த எழுத்தாளர் ட்வைனின் மார்பளவுச் சிலையின் நகல். அச்சிற்பி பாரிஸில் படிக்கப் பணம் கொடுத்தவர் ட்வைனே. சொந்தச் செலவில் சிலையான முன்னோடி என இவரைத் துணியலாம்.

எள்ளல் விருந்தின் ஆபத்தையும் இவர் அனுபவித்திருக்கிறார். 1877 டிசம்பரில் பாஸ்டன் நகரில், கவிஞர் விட்டியரின் எழுபதாம் பிறந்தநாள் விருந்து. எமர்சன், லாங்ஃபெலோ, ஹோம்ஸ் என எழுத்தாளர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு மூன்று குடிகார நாடோடிகள் ஒரு சுரங்கத் தொழிலாளியின் குடிசையில் கூத்தடித்த கதையை ட்வைன் எடுத்துவிட்டார். நிஜப் பெயர்க்காரர்கள் மூவரும் அங்கேயே அமர்ந்திருந்தனர். சபை உறைந்ததாகப் பின்னாளில் அவரே எழுதினார். மூவருக்கும் மன்னிப்புக் கடிதமும் போனது.

அன்று அம்மூவருக்கு முன்னறிவிப்பும் இல்லை, முகத்துக்கு நேரே கேமராவும் இல்லை. ஆகவே சிரிக்கவேண்டிய கடமையும் இல்லை. இன்றைய விருதாளர் அழைப்பை ஏற்றபோதே சிரிப்பதாக ஒப்புக்கொண்டுவிடுகிறார். அதனால்தான் இவ்விழாக்களில் மன்னிப்புக் கடிதங்களின் தேவை அருகிவிட்டது.

5. கண்டறிந்தவை

நகைச்சுவையாளருக்குச் சமூகம் தரும் உச்ச மரியாதை, ஒரு மாலைப்பொழுது அவரை ரசிகராக்குவது. ரசிகர் வேலை எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் அவருக்குத் தெரிகிறது. எனவே பரிசை முதுமைக்குத் தள்ளாமல் தொழிலின் தொடக்கத்திலேயே கொடுத்துவிட்டால், பின்வரும் நகைச்சுவைகள் சுருங்கும் என்பது பரிந்துரை. புன்னகைத்த தாடை பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பது மேலாய்வுக்குரியது. நிதி தருவார் உளரேல் தொடங்கலாம்.