பையில எத்தனை பாயிண்ட் மாப்ளே?

வாங்க மாப்ளே, உக்காருங்க. சேகோ மில்லுக்குப் பக்கத்துலயே பை மில்லும் வெக்கப் போறீங்களாமே! நம்ம ஆத்தூர்க் குச்சிக்கிழங்குல பிளாஸ்டிக். நோட்டீசும் பாத்தேன். பச்சை எலை படம் பெருசா, எழுத்து பொடுசா. பேத்திய விட்டுப் படிக்கச் சொன்னேன்.

மொதல்ல, "உலகத்துலயே புதுசு"ங்கறதை அடிச்சுடுங்க. 1870 வாக்குலயே அமெரிக்காவுல ஹயத்னு ஒருத்தரு, அமிலத்துல ஊறுன பஞ்சோட சூடத்தைக் கலந்து செல்லுலாய்டு பண்ணிட்டாரு. தந்தத்துக்குப் பதிலா பில்லியர்ட்ஸ் பந்து செய்யத்தான் அந்தப் பாடு. ரெண்டு பந்து வேகமா மோதுனா துப்பாக்கி வெடிச்சாப்புல சத்தம் வருமாம். கொலராடோவுல கிளப்பு நடத்துனவரு, "எனக்கொண்ணும் இல்லீங்க, சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் துப்பாக்கிய உருவிடறாங்க"ன்னு எழுதிப் போட்டாராம். ஹயத்தே பின்னாடி சொன்ன கதை இது. பஞ்சு செடியில வெளையுது, சூடம் மரத்துல எறங்குது. பெட்ரோலியப் பிளாஸ்டிக்குக்கு அண்ணன்தான் செடிப் பிளாஸ்டிக்கு.

மாவு எப்படிங்க பிளாஸ்டிக்காவுதுன்னு கேட்டா "டெக்னாலஜி மாமா"ன்னு முடிச்சுட்டீங்க. நான் சொல்லட்டுங்களா? மாவைச் சர்க்கரையாக்கி நுண்ணுயிருக்குத் தீனியாப் போட்டா லாக்டிக் அமிலம் கெடைக்கும். தயிரைப் புளிக்க வெக்கறதும் அதே அமிலந்தான். அதைக் கோத்துக் கோத்து நீளச் சங்கிலியாக்குனா பி.எல்.ஏ. நெப்ராஸ்காவுல பிளேர்ங்கற ஊர்ல மக்காச்சோளத்தை வெச்சு 2002-லிருந்து பெரிய ஆலையே ஓட்டறாங்க.

உங்க மில்லுல அந்தச் சோலி இல்லீங்க. மாவோட ஒரு பிசினைக் கலந்து உருக்கிப் பையா ஊதப் போறீங்க. வெறும் மாவுல பை ஊதுனா தண்ணி பட்டதும் நொளநொளத்துப் போகுமே. இந்த மாதிரிப் பைக்கு வழக்கமாப் போடற பிசினு பி.பி.ஏ.டி. அது பெரும்பாலும் பெட்ரோலியத்துலதான் பொறக்குது. ஆனாலும் மக்கும்! அந்தப் பக்கம் பிரேசில்ல, 2010-லிருந்து கரும்புச் சாராயத்துல பாலித்தீன் பண்றாங்க. பொறந்தது கரும்புக் காட்டுல, ஆனா கடைசிவரைக்கும் மக்காது. பொறந்த எடத்தை மட்டும் பாத்து ஜாதகம் எழுதுனா இப்படித்தான் மாப்ளே மாட்டிக்குவோம்.

சரி, மக்கும்னே வெச்சுக்குவோம். எங்க மக்கும்? மொதல்ல சொன்ன பி.எல்.ஏ.வையே எடுத்துக்குங்க, அது சீக்கிரம் மக்கோணும்னா ஈரத்தோட 60 டிகிரி சூடும் வேணும். பெரிய உர ஆலைக் குவியல்ல அந்தச் சூடு நாள்கணக்கா நிக்கும். நம்ம வீட்டுக் குப்பைக்குழிக்கும் ஏரிக்கரைக்கும் அது எங்க வரப்போகுது? இங்கிலாந்துல பிளைமவுத் பல்கலைக்கழகத்துக்காரங்க பைகளை மண்ணுலயும் கடல்லயும் போட்டு வெச்சுப் பாத்து 2019-ல எழுதியிருக்காங்க. கம்போஸ்ட் பை கடல்ல மூணு மாசத்துல காணாமப் போச்சு. மண்ணுக்குள்ள 27 மாசம் கழிச்சும் கெடந்துச்சு, என்ன, கனம் தாங்கல. "பயோடிகிரேடபிள்"னு அச்சடிச்ச இன்னொரு பை இருக்கே, அது மூணு வருசம் கழிச்சும் சாமானைத் தாங்குச்சு. அதுல காய் வாங்கியே வந்திருக்கலாம்.

நோட்டீசுல அதே வார்த்தையத்தான் நீங்களும் போட்டிருக்கீங்க. இங்க மக்கும் பை செஞ்சு விக்கறதுக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியச் சான்று வேணும், ஐ.எஸ். 17088 தரத்துக்குப் பை நிக்கோணும். அது கையில வராம எலை படம் போடாதீங்க. 2019 சனவரி 1-லிருந்து தமிழ்நாட்டுல ஒருதடவை தூக்கிப்போடற பிளாஸ்டிக்குக்குத் தடைங்கறது உங்களுக்கு நான் சொல்லோணுமா?

பை மில்லு வேண்டாம்னு சொல்லல மாப்ளே. கிழங்குக்கு இன்னொரு கிராக்கி வந்தா எனக்கும்தான் நாலு காசு. ஆனா ஒண்ணு. எங்க கிழங்கை வாங்கறப்ப மாவை பாயிண்ட் பாயிண்ட்டா அளந்து, அரை பாயிண்ட் கொறைஞ்சாலும் வெலையைப் புடிக்கறீங்க. பையில எத்தனை பாயிண்ட் மாவுன்னா மட்டும் மோட்டுவளையப் பாக்கறீங்களே! மாவு எத்தனை பங்கு, பிசினு எத்தனை பங்கு, எங்க போட்டா எத்தனை நாள்ல மக்கும். இந்த மூணையும் எலை படத்தைவிடப் பெரிய எழுத்துல அச்சடிச்சுக் கொண்டாங்க, மொதல் கட்டு நானே காசு குடுத்து வாங்கிக்கறேன். அதுவரைக்கும் நம்மூட்டுக்குப் பலகாரம் கொண்டுவந்தா மஞ்சப்பையிலயே கொண்டாங்க.