இரட்டைப்புள்ளிச் சாய்கோட்டியல்: வவுணதீவு சார்ந்த ஒரு முன்னாய்வு

கோப்புப்பாதை இருவகைப்படும்: முழுப்பாதை, சார்புப்பாதை. முழுப்பாதை கணினியின் வேரில் தொடங்கிக் கோப்புவரை ஒன்றும் விடாமல் சொல்வது. அதில் ஐயம் எழுவதில்லை. ஐயம் எழாத பொருளில் ஆய்வுக்கு வேலை இல்லையாதலால் முழுப்பாதை இத்துடன் முற்றிற்று.

சார்புப்பாதை என்பது, தான் நிற்கும் இடம் எல்லோருக்கும் தெரியும் என்று நம்பி மீதியை மட்டும் சொல்வது. மட்டக்களப்பு வாவியின் இரு மருங்கிலும் இந்த நம்பிக்கை உறுதியாக நிலவுகிறது. "அங்கால கரையில" என்று ஒருவர் கைகாட்டினால், அவர் வாவியைக் கடக்கும் வலையிறவுப் பாலத்தின் எந்த முனையில் நிற்கிறார் என்று பார்த்தே அங்காலைத் தீர்மானிக்க வேண்டும். கிழக்கே எழுவான்கரையார்க்கு அங்கால் படுவான்கரை, மேற்கே படுவான்கரையார்க்கு எழுவான்கரை. தொலைபேசியில் சொன்னால் இரண்டுமே இல்லை.

ஆய்வின் பொருட்டு ஓர் இணையத்தளம் இங்கே கற்பித்துக்கொள்ளப்படுகிறது. அதன் வேர்க்கோப்புறை மட்டக்களப்பு. அதனுள் எழுவான்கரை, படுவான்கரை, பொது என மூன்று கோப்புறைகள். படுவான்கரைக்குள் வவுணதீவு, எழுவான்கரைக்குள் கல்லடி. வவுணதீவிலுள்ள ஒரு பக்கம் கல்லடியிலுள்ள அறிமுகப் பக்கத்தைச் சுட்ட வேண்டுமானால் இப்படி எழுத வேண்டும்: ../../எழுவான்கரை/கல்லடி/அறிமுகம்.பிஎச்பி. அதாவது படுவான்கரைக்கு ஓர் ஏற்றம், மட்டக்களப்புக்கு இன்னோர் ஏற்றம், பிறகு இறக்கம். நேரில் போகிறவர் வலையிறவுப் பாலத்தையும் கல்லடிப் பாலத்தையும் கடந்தால் போதும். கோப்போ அயலூருக்குப் போவதற்கும் மேலிடம் ஏறி இறங்க வேண்டும். ஆகவே கோப்பமைப்பைப் போக்குவரத்துத் துறையில் சேர்க்காமல் பொது நிருவாகத்தில் சேர்ப்பதே பொருத்தம்.

பாயிர இயல்

பாயிரத்தைப் பொதுப்பாயிரம், சிறப்புப்பாயிரம் என இரண்டாக வகுத்துரைக்கிறது பவணந்தியாரின் நன்னூல். தளத்தின் சின்னம், பட்டியல், சிங்களம் தமிழ் ஆங்கிலம் என்ற மொழித் தெரிவு ஆகியன எல்லாப் பக்கங்களுக்கும் உரியன, எனவே பொதுப்பாயிரம். பக்கத்தின் தலைப்பு மட்டும் சிறப்புப்பாயிரம். இக்காலத்தார் முன்னதை ஹெடர் என்பர். ஃபூட்டர் பற்றிப் பவணந்தியார் ஏதும் கூறவில்லை. அவர் காலத்தில் பதிப்புரிமை வாசகம் இல்லை.

பொதுப்பாயிரத்தை ஒவ்வொரு பக்கத்திலும் பிரதி பண்ணி ஒட்டுவது பழைய முறை. தொலைபேசி இலக்கம் மாறும் நாளில் அம்முறையின் குணம் தெரியும்: முப்பது பக்கத்தில் புதிய இலக்கம், எவர் கண்ணிலும் படாத முப்பத்தோராவது பக்கத்தில் பழைய இலக்கம், பொதுமக்கள் அழைப்பதும் அதற்கே. ஹெடரைத் தனிக்கோப்பாக்கி எல்லாப் பக்கங்களும் எடுத்தாள்வது பிந்திய முறை. இது இப்பகுதிக்குப் புதிதன்று. மண்முனை என்ற ஒரே ஹெடரை மட்டக்களப்பு மாவட்டத்தின் 14 பிரதேச செயலகப் பிரிவுகளில் 5 பிரிவுகள் எடுத்தாள்கின்றன: வடக்கு, மேற்கு, தென்மேற்கு, மண்முனைப்பற்று, தெற்கோடு எருவில்பற்றையும் சேர்த்த ஒன்று. மேற்கின் செயலகம் இருப்பது வவுணதீவில். கோறளைப்பற்றும் அப்படியே 5 பிரிவுகளுக்கு ஹெடராய் உழைக்கிறது. விலாசத்தில் மண்முனை என்பதோடு நிறுத்திக்கொண்ட கடிதம் எங்கே போய்ச் சேரும் என்பது தபாலியலின் பாற்பட்டது.

எடுத்தாளல் இயல்

ராஸ்மஸ் லெர்டோர்ஃப் 1995 இல் வெளியிட்ட பிஎச்பி நிரல்மொழியில் இன்று எடுத்தாளும் வினைகள் நான்கு: இன்க்ளூட், ரிக்வயர், இன்க்ளூட் ஒன்ஸ், ரிக்வயர் ஒன்ஸ். தேடிய கோப்பு கிடைக்காவிட்டால் இன்க்ளூட் ஓர் எச்சரிக்கையை முணுமுணுத்துவிட்டு மேலே நடக்கும். ரிக்வயர் அந்த இடத்திலேயே படுத்துவிடும். தரவுத்தள இணைப்புக் கோப்புக்கு ரிக்வயர் தகும். பண்டிகை வாழ்த்துப் பலகைக்கு இன்க்ளூட் போதும்.

ஒன்ஸ் என்ற ஒட்டு, ஒருமுறை எடுத்ததை மறுமுறை எடுக்காமல் தடுக்கிறது. ஒரே செயற்கூறு இருமுறை அறிவிக்கப்பட்டால் பிஎச்பி அதைப் பொறுப்பதில்லை. ஆய்வேடுகள் பொறுக்கும். மட்டக்களப்பில் கூத்தைப் பற்றி எழுதினாலும் குளத்தைப் பற்றி எழுதினாலும் முதலாம் இயலில் மாவட்டத்தின் அமைவிடம், எல்லைகள், வாவி, இரு கரைகள் என்று அதே கோப்பு மறுபடி மறுபடி எடுத்தாளப்படுவதைக் காணலாம். அங்கே இன்னும் ஒன்ஸ் நிறுவப்படவில்லை (காண்க: மேல், இரண்டாம் பத்தி).

புள்ளி இயல்

ஒற்றைப்புள்ளி 'இங்கே' எனப் பொருள்படும். இரட்டைப்புள்ளி 'ஒருபடி மேலே'. பிஎச்பி நூல்கள் இவ்வளவோடு நிறுத்திக்கொள்கின்றன. தமிழாய்வுக்கு அப்படி நிறுத்திப் பழக்கமில்லை.

தொல்காப்பியர் மெய்யெழுத்துக்குப் புள்ளி ஒன்று தந்தார். எகர ஒகரக் குறில்களுக்கும் ஒன்றே தந்தார். ஆய்தத்தை முப்பாற்புள்ளி என்றார். ஒன்றையும் மூன்றையும் சொன்னவர் இடையிலிருந்த இரண்டை விட்டது ஏன்? இளம்பூரணர் இதற்கு விடை கூறவில்லை. நச்சினார்க்கினியரும் கூறவில்லை. உரையாசிரியர் இருவர் ஒருசேர வாய்மூடியிருப்பது தற்செயல் ஆகாது என்பது ஆய்வுலகின் அசையா நம்பிக்கை. ஆதாரம் கிடைத்தால் ஒரு கட்டுரை எழுதலாம், கிடைக்காவிட்டால் இரண்டு எழுதலாம் (காண்க: முற்காட்டியதற்கு முற்பத்தி, அங்கே இல்லையேல் அதற்கும் மேல்).

இதில் இரு கட்சிகள் உருவாகக்கூடும். உருவானால் முதற்கட்சி சொல்லக்கூடியது: ஆய்தம் சார்பெழுத்து, இரட்டைப்புள்ளி சார்புப்பாதையில் வருவது, ஆகவே இது ஆய்தத்துக்கு உடன்பிறப்பு. சார்பெழுத்து மூன்று என்றார் தொல்காப்பியர். பத்து என்றார் நன்னூலார். தொகை ஏறிவரும் வேகத்தைப் பார்த்தால் பதினொன்றாவது வந்தே தீரும்.

இரண்டாங்கட்சி இதை ஒப்பாது. மகரம் தன் வடிவுக்குள் ஒரு புள்ளி பெறும் என்று தொல்காப்பியமே சொல்கிறது. மெய்யாகையில் தலைமேலும் ஒரு புள்ளி உண்டு. உள்ளே ஒன்றும் மேலே ஒன்றும் கூடினால் இரண்டன்றோ? எனவே இரட்டைப்புள்ளியை மகரமெய்யில் ஏற்கெனவே கண்டவர் தமிழர். முதற்கட்சியின் மறுப்பு: அவை மேலும் கீழுமாய் நிற்பன, கோப்புப்பாதையின் புள்ளிகளோ பக்கம் பக்கமாய்க் கிடப்பன. நிற்கைப் புள்ளியும் கிடக்கைப் புள்ளியும் ஒன்றாகா. இரண்டாங்கட்சியின் மறுமறுப்பு: திரையைப் பக்கவாட்டில் திருப்பினால் ஒன்றே. (மேலது, மேலதின் மேலது, ஒப்பிடுக: கீழது. கீழது அச்சில் உள்ளதாகையால் அது வெளிவரும்வரை மேலதையே கீழதாகக் கொள்க.)

இரட்டைப்புள்ளியின் ஏறும் ஆற்றலுக்கு எல்லை உண்டா என்பது அடுத்த வினா. லினக்ஸில் வேரின் மேற்கோப்புறையாக அமைவதும் வேரேதான். எத்தனை இரட்டைப்புள்ளி தொடுத்தாலும் அவ்விடத்தைத் தாண்டி ஏற முடியாது. இதைச் சைவ சித்தாந்திகளின் கவனத்துக்குக் கொண்டுவருவதோடு இவ்வியல் அமைகிறது. முப்பாற்புள்ளியைப் பாதையில் இட்டால் லினக்ஸ் அப்பெயரில் ஒரு கோப்புறையைத் தேடும், கிடைக்காது.

நிலைக்கள இயல்

சிக்கல் உண்மையில் தொடங்குவது இங்கேதான். வேரிலுள்ள முகப்புப் பக்கம், பொது கோப்புறையிலுள்ள ஹெடரை எடுத்தாள்கிறது. அந்த ஹெடர் தன் அருகிலேயே இருக்கும் பட்டியல் கோப்பை './பட்டியல்.பிஎச்பி' என்று அழைக்கிறது. ஹெடர் நினைக்கும் 'இங்கே' பொது கோப்புறை. பிஎச்பி அப்படி நினைப்பதில்லை. புள்ளியில் தொடங்கும் பாதையை அது நடப்பு வேலைக்கோப்புறையிலிருந்து அளக்கும். இணையத்தளத்தில் அது பெரும்பாலும் வாசகர் முதலில் கேட்ட பக்கம் இருக்கும் கோப்புறை. ஆக, முகப்பிலிருந்து வந்தவருக்கு வேரில் தேடும். வவுணதீவுப் பக்கத்திலிருந்து வந்தவருக்கு வவுணதீவில் தேடும். இரண்டிலும் காணாமல் 'பெயில்ட் டு ஓபன் ஸ்ட்ரீம்: நோ சச் ஃபைல் ஓர் டிரெக்டரி' என்று திரையின் உச்சியில் எழுதிவிட்டு மேலே போகும். பட்டியல் கோப்பு ஹெடரின் மடியிலேயே உட்கார்ந்திருக்கும்.

முன்னாலுள்ள புள்ளியையும் சாய்கோட்டையும் அழித்து வெறும் 'பட்டியல்.பிஎச்பி' என்று எழுதினால் பெரும்பாலும் வேலை செய்துவிடும். அப்போது பிஎச்பி முதலில் இன்க்ளூட் பாத் என்ற அமைப்பில் குறித்த இடங்களிலும், அடுத்து அழைக்கும் கோப்பின் கோப்புறையிலும், கடைசியாக வேலைக்கோப்புறையிலும் தேடும். ஆனால் இன்க்ளூட் பாத்தின் முதல் இடமாக வழக்கமாய் இருப்பது ஒற்றைப்புள்ளி, அதாவது வேலைக்கோப்புறை. வவுணதீவுக் கோப்புறையில் வேறெவரோ அதே பெயரில் ஒரு கோப்பு வைத்திருந்தால் தளத்தின் பட்டியலுக்குப் பதில் உரமானியப் பட்டியல் வந்து நிற்கும். தவறு என்று எந்த எச்சரிக்கையும் வராது.

இதே நோய் அறிஞர்களிடத்தும் உண்டு. அடிக்குறிப்பில் 'மேலது, ப. 43' என்பது அச்சொட்டான சார்புப்பாதை. இரண்டாம் பதிப்பில் இடையே ஒரு புதிய அடிக்குறிப்பைச் செருகினால் மேலது வேறொரு நூலுக்குத் தாவிவிடும். பிஎச்பி எச்சரிக்கையாவது கொடுக்கும். பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்துவிடும். அந்த 43 ஆம் பக்கத்தை அடுத்த ஆய்வாளர் திறந்து பார்க்காமலே எடுத்தாள்வார், அவரிடமிருந்து இன்னொருவர். எடுத்தாளலில் இப்படிச் சங்கிலி நீள்வதை பிஎச்பியும் அனுமதிக்கிறது. ஆனால் அது ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறக்கிறது.

இனி மருந்துகள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வேருக்கு எத்தனை படி என்று எண்ணி ஒரு மாறியில் இடுவது நாட்டு வைத்தியம். பக்கத்தை வேறு கோப்புறைக்கு மாற்றும் நாள்வரை பலிக்கும். டாக்குமென்ட் ரூட் என்ற சேர்வர் மாறியைப் பிடித்துக்கொள்வது அடுத்தது. குறித்த நேரத்தில் தானே ஓடும் கட்டளைவரிப் பணிகளில் அது வெறுமையாய் இருக்கும். முறையான மருந்து, கோப்பு தான் இருக்கும் இடத்தைத் தானே சொல்வது. 2009 இல் வந்த பிஎச்பி 5.3 அதற்கென டிர் என்ற மாறிலியைத் தந்தது. இருபுறமும் இரண்டிரண்டு அடிக்கோடு இட்டு எழுதப்படுவது அது. அதற்கு முன் கோப்பின் பெயரைக் கொடுத்து டிர்நேம் என்ற செயற்கூற்றால் கோப்புறையைக் கறக்க வேண்டியிருந்தது. 2015 இல் வந்த 7.0, அந்த டிர்நேமுக்கு எத்தனை படி ஏறுவது என்ற எண்ணையும் கொடுக்க வழிசெய்தது. புள்ளியெண்ணும் தொழில் அன்றோடு நலிந்தது.

பெருந்தளங்கள் இதை ஒரே இடத்தில் செய்துகொள்கின்றன. வேர்ட்பிரஸ் தன் வேரை ஏபிஎஸ்பாத் என்ற மாறிலியில் வைத்திருக்கும். மீடியாவிக்கி ஐபி என்ற இரண்டெழுத்து மாறியில் வைத்திருக்கும். தமிழ் விக்கிப்பீடியாவும், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவில் சேர்த்துவரும் நூலகம் தளமும் மீடியாவிக்கியில் இயங்குவன. நூலகத்திலுள்ள ஈழத்து இதழ்களின் அடிக்குறிப்புகளிலுள்ள மேலதுகள் அத்தனையும் முழுப்பாதையொன்றின்மேல் அமர்ந்திருக்கின்றன.

எஞ்சியன

சாய்கோட்டில் தொடங்கும் பாதைக்கு இரு பொருள். பிஎச்பிக்கு அது கணினியின் வேர். உலாவிக்குத் தளத்தின் வேர். '/படங்கள்/சின்னம்' என்று படத்துக்கு எழுதினால் சரி. அதே முறையில் ஹெடரை எடுத்தாண்டால் பிழை. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் மாணவர் ஒருவர் வீட்டில் எக்ஸாம்ப் மென்பொருளின் எச்டிடாக்ஸ் கோப்புறைக்குள் உட்கோப்புறையொன்றில் தளத்தை வைத்துச் சோதித்தால் அந்தச் சின்னமும் தெரியாது. உண்மையான சேர்வரில் ஏற்றினால் தெரியும். சோதனையில் தோற்றுப் பரீட்சையில் வெல்லும் அரிய நிலை இது.

விண்டோஸில் எழுதி லினக்ஸில் ஏற்றுவோர் ஆங்கிலக் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து பார்க்க வேண்டும். தமிழில் பெயர் வைத்தோர்க்கு இக்கவலை இல்லை. வேறு கவலைகள் உண்டு.

பட்டியலைத் தமிழில் தட்டி நோட்பேட்டில் யுடிஎஃப்-8 ஆகச் சேமித்தால், 2019 க்கு முந்திய விண்டோஸ்களில் கோப்பின் தலையில் கண்ணுக்குப் புலப்படாத 3 பைட்டுகள் ஏறிக்கொள்ளும். அக்கோப்பை எடுத்தாண்டதும் அம்மூன்றும் உலாவிக்கு முந்திப் போய்விடும். பின்னால் வரும் உள்நுழைவுக் குறியீடு 'ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட்' என்று அழும். பாமினி எழுத்துருவில் தட்டினால் இத்தொல்லை இல்லை. எழுத்துரு இல்லாதவர் திரையில் தமிழும் இல்லை.

முகவரிப் பட்டையில் வாசகர் தரும் பெயரை அப்படியே இன்க்ளூட்டுக்குள் விடுவது கூடாது. அவருக்கும் இரட்டைப்புள்ளி தட்டத் தெரியும்.

2012 முதல் கம்போசர் என்ற கருவி, வகுப்புக் கோப்புகளைத் தானே தேடி எடுத்துத் தருகிறது. அதன்பின் நிரலாளர் கையால் எழுத வேண்டிய பாதை அநேகமாக ஒன்றே: வென்டர் கோப்புறையிலுள்ள ஆட்டோலோட் கோப்பை அழைக்கும் வரி. லாரவெல் தளங்களின் முகப்புக் கோப்பில் அவ்வரியைக் காணலாம். அதிலுள்ள பாதை டிர் மாறிலியில் தொடங்கும். அடுத்து ஒரு சாய்கோடு. அடுத்து, கிடக்கை நிலையில், இரட்டைப்புள்ளி (காண்க: மேலதின் மேலது).