அங்காளம்மாள் ஏ524: மேல்மலையனூர்ப் பெயர்வழி குறித்த ஓர் ஆய்வு

1. சிக்கல்

குடும்பப் பெயர் உள்ள நாடுகளில் வம்சாவளி தேடுவோர் எழுத்துப் பிழைக்கு அஞ்சுவர். நமக்கு அந்த அச்சம் இல்லை. குடும்பப் பெயரே இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒரு தலைமுறை உழைத்துவிட்டு ஓய்வு பெறுகிறது. பெண்களுக்கு அதுவும் தாலி ஏறும்வரைதான்.

2. ஆய்வுப் பொருள்

செஞ்சி பக்கத்து மேல்மலையனூர் அங்காளம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடும் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாட்டி ரேஷன் கார்டில் அங்காளம்மாள், ஆதாரில் அங்காலம்மாள், வாக்காளர் பட்டியலில் அங்கம்மாள். 'மூவரும் ஒருவரே' என்று நோட்டரி முன் அஃபிடவிட் கொடுக்க வேண்டும். முத்திரைத்தாளில் அத்வைதம் கிடைக்கும் ஒரே துறை இது.

3. மேலைநாட்டு முறை

அமெரிக்கரான ராபர்ட் ரசல் 1918-இல் காப்புரிமை பெற்ற முறையிலிருந்து வளர்ந்தது சவுண்டெக்ஸ். ஆங்கில முதலெழுத்தை வைத்துக்கொண்டு, மற்ற உயிரெழுத்துகளைத் தள்ளி, ஒலி நெருங்கிய மெய்களுக்கு ஒரே எண் தந்து, மூன்று இலக்கத்தோடு நிறுத்துவார்கள். இதன்படி அங்காளம்மாள் ஏ524. அங்காளம்மனும் ஏ524. அங்காளபரமேஸ்வரியும் அதுவே. பாட்டியைத் தேடினால் தெய்வமே அகப்படுகிறது. அங்கம்மாளோ ஏ525, பாட்டிக்குப் பாட்டியே அந்நியம். தகப்பன் மாணிக்கத்தின் 'எம்' புள்ளியில்லாமல் ஒட்டிக்கொண்டால் மங்களம்மாள். கணவன் கண்ணனின் 'கே' ஒட்டினால் கங்காளம்மாள். கங்காளம் என்றால் எலும்புக்கூடு. மாசியில் மயானக் கொள்ளை நடக்கும் ஊருக்கு அதுவும் பொருத்தந்தான்.

4. ஒப்பீடு

சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் சேர்ந்தது. பின்னர் தென் ஆற்காட்டுக்காரர்களும் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறினார்கள். அங்கே முதலியார் 'மூட்லி' என்றும் கவுண்டர் 'கோவெண்டர்' என்றும் உறைந்து போனார்கள். பேரப்பிள்ளைகளுக்கு நல்லகாலம், கப்பல் பதிவேட்டில் தகப்பன் பெயர், தாலுகா, ஊர் என்று தனித்தனிக் கட்டம் உண்டு. பெயர் வழுக்கினாலும் மற்றவற்றைச் சேர்த்துப் பார்த்து ஆளைப் பிடிக்கலாம். மாவட்டத்தை மட்டும் நம்பக் கூடாது: 1993-இல் தென் ஆற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமாயிற்று.

5. முடிவு

எழுத்து மாறும், இன்ஷியல் மாறும், மாவட்டமும் மாறும். குலதெய்வம் அவ்வளவு சுலபத்தில் மாறாது. ஆகவே அமாவாசை இரவு ஊஞ்சல் உற்சவத்துக்கு வந்து, மொட்டை போடும் குழந்தைக்கு மாமன் யார், பங்காளி யார் என்று விசாரிப்பதே சிறந்த முறை. ஓர் எச்சரிக்கை: பங்காளி என்பது உறுதியானதும் பேச்சு பட்டாவுக்குத் திரும்பும். அப்போது வந்தவர் பெயரில் எழுத்துப் பிழை கண்டுபிடிப்பதில் ஊர்க்காரர்கள் எந்த ஆய்வாளருக்கும் சளைத்தவர்கள் அல்லர்.